மலைக்கு விருந்தாளியாகப் போவோம்

(பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள. எங்கே போகலாம் என்ற கேள்விக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பது எளிது. அதைவிட, ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே எப்போது போவது, எதற்காகப் போவது, எப்படிப் போவது என்று பார்த்தால் பயன் அதிகம். நான் எடுத்துக்கொண்ட ஊர் கொல்லிமலையில் உள்ள செம்மேடு. நாள், ஆடி மாதம் 17, 18. அந்த இரண்டு நாள்களில்தான் அங்கே அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது.

நம் ஊரிலிருந்து வேப்பந்தட்டை, அரும்பாவூர்ப் பக்கம் போனால் மேற்கே பச்சைமலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். அதற்கும் மேற்கே இருப்பது கொல்லிமலை. நம் பிள்ளைகளில் பலர் பச்சைமலையைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் ஏறிப் போனவர்கள் குறைவு. மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மலைக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்பதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் அந்த மலையும் இந்த மலையும் ஒன்று என்பது பிள்ளைகளின் மனத்தில் பதிவதில்லை.

பட்டியலில் இருக்கும் ஓரி

கடையெழு வள்ளல்கள் யார் யார் என்று கேட்டால் நம் மாணவர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. சிறுபாணாற்றுப்படை இந்த எழுவரையும் வரிசைப்படுத்திச் சொல்கிறது. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நினைவில் நிற்கும்.

ஆனால் அந்தப் பட்டியலுக்குள் ஒரு போர் ஒளிந்திருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209-ஆம் பாடல் சொல்கிறது. பாடியவர் கல்லாடனார். ஓரி இறந்த பிறகு அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது ஊரே ஆரவாரித்ததை நற்றிணையின் 320-ஆம் பாடலில் கபிலர் உவமையாகக் காட்டுகிறார். அதாவது, ஏழு வள்ளல்களில் ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்றிருக்கிறான்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “இப்போதும் இருவரையும் வள்ளல் என்று சொல்லலாமா?” நிச்சயம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கொடை வேறு, போர் வேறு என்று ஒருவன் சொல்வான். அடுத்தவன் மலையைப் பிடுங்கி மூன்றாமவனுக்குக் கொடுப்பது என்ன கொடை என்று ஒருத்தி கேட்பாள். சேரனுக்கு இந்த மலை ஏன் வேண்டியிருந்தது என்று மூன்றாவது பிள்ளை கேட்டால், வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. மனப்பாடம் செய்த ஏழு பெயர்களால் எழாத கேள்வி இது. இந்தக் கேள்வியோடு பேருந்தில் ஏறுகிற பிள்ளைக்குச் செம்மேட்டில் இறங்கியதும் பார்க்கும் ஓரியின் சிலை வெறும் சிலையாக இருக்காது.

இன்னொரு பாடலையும் கட்டாயம் வகுப்பில் எடுங்கள். புறநானூறு 152, வன்பரணர் பாடியது. ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வருவது இதில்தான். வல்வில் என்ற அடைமொழியின் பொருளும் இதிலிருந்தே விளங்கும். ஐந்து விலங்குகளை ஓர் அம்பு துளைக்குமா? தமிழாசிரியர் இதை உயர்வு நவிற்சி என்று விளக்கட்டும். அறிவியல் ஆசிரியர் வில்லை வளைக்கும்போது சேரும் ஆற்றல் எங்கே போகிறது, அம்பு ஒன்றைத் துளைத்தபின் அதன் வேகம் என்ன ஆகும் என்று விளக்கட்டும். இரண்டு பாட வேளைகளை இணைத்து நடத்த இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

ஆனால் அந்தப் பாடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அம்பு இல்லை, அதற்குப் பின் நடப்பது. காட்டில் அந்த வேட்டுவனைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். நான்தான் ஓரி என்று மார்தட்டிக்கொள்ளாமல், வேட்டையில் கிடைத்த இறைச்சியையும் மதுவையும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். மலைக்கு வந்த அறியாத விருந்தினரை மலைவாசி வரவேற்ற விதம் அது. நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த மலைக்குப் போகும்போது நாம்தான் அந்தப் பாணர்கள். விருந்தாளிகள். இன்று நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

மலையில் இருக்கும் மக்கள்

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மேலே பரந்து கிடக்கும் மேட்டுநிலம். அங்குள்ள 14 ஊராட்சிகளின் பெயர்களைப் பார்த்தால் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று ‘நாடு’ என்றே முடியும். நாட்டுப் பிரிவு என்று சமூக அறிவியலில் படிக்கிற சொல் அங்கே பெயர்ப்பலகையில் உயிரோடு இருக்கிறது.

அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். போவதற்கு முன்பே தெளிவுபடுத்திவிடுங்கள். மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை உண்டு. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவையே அந்த மூன்று மலைகள். நம் பச்சைமலை மக்களும் கொல்லிமலை மக்களும் உறவினர்கள் என்பதே அந்தக் கதையின் பொருள்.

அவர்களின் உழவைப் பற்றியும் பேச வேண்டும். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று சிறுதானியங்கள் விளைந்த மலை அது. மரவள்ளி பணப்பயிராகப் பரவியபோது சிறுதானிய நிலம் சுருங்கியது. அவற்றின் மரபு வகைகளைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. சாமை குறைந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குக் கடும் வேலை. அரைவை இயந்திரங்கள் ஊருக்கு வந்தபோதுதான் அந்தச் சுமை குறைந்தது. உணவும் ஊட்டச்சத்தும் நடத்தும்போது இந்தச் செய்தியையும் சொல்லுங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதையும், காப்பிச் செடிகளையும், பலா, அன்னாசி, மலைவாழை சந்தைக்கு வருவதையும் சோளக்காட்டில் நேரில் பார்க்கலாம்.

விழாவில் என்ன பார்க்கலாம்

ஓரி விழாவின் முதன்மை நிகழ்ச்சி வில்வித்தைப் போட்டி. கூடவே மலர்க்கண்காட்சி, அரசுத் துறைகளின் அரங்குகள், கலை நிகழ்ச்சிகள், பள்ளி மாணவர்களின் ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும். ஆடிப்பெருக்கு என்பதால் வளப்பூர் நாட்டில் ஐயாற்றின் கரையில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்கும் மக்கள் திரளாக வருவார்கள். அப்பர் தேவாரத்தில் அறைப்பள்ளி என்று குறிப்பிடப்படும் தலம் அது. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்தக் கோயில் இறைவனை முன்னிலைப்படுத்தியே பாடப்பட்டது.

இத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. விழா நாளில் வில்வித்தைப் போட்டியை மட்டும் முழுமையாகப் பார்க்கச் சொல்வேன். ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒருவர் வில்லை எடுக்கும் விதம், நிற்கும் நிலை, மூச்சை நிறுத்தும் கணம், அம்பு போன பிறகும் கையை இறக்காமல் இருக்கும் பொறுமை. இவற்றைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள்.

நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்வித்தை பழங்கதையோடு முடிந்துபோன கலை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. போட்டிகளில் இந்தியச் சுற்று என்றே ஒரு பிரிவு உண்டு. மூங்கில் வில்லால் 30 மீட்டர், 50 மீட்டர் தொலைவுக்கு எய்ய வேண்டும். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் என்னும் மலை மாவட்டத்தைச் சேர்ந்த சீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து எய்கிறார். 2023-இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. நம் வகுப்பில் உள்ள மாற்றுத்திறன் மாணவரைப் பேருந்துப் பயணம் கடினம் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கும்போது சீத்தல் தேவியை நினைத்துக்கொள்வோம்.

போகும் வழியும் முன்னேற்பாடும்

துறையூர் வழியாக நாமக்கல் பக்கம் போய், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். தம்மம்பட்டி, முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது. எந்தப் பாதை என்பதை ஓட்டுநரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் கட்டாயம் வேண்டும்.

ஏறும்போது பத்து வளைவுக்கு ஒருமுறை நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். சாலை ஏன் நேராக மேலே போகவில்லை என்று கணக்கு ஆசிரியர் கேட்கட்டும். சாய்தளத்தின் நீளம் கூடினால் ஏறுவதற்கு வேண்டிய விசை குறையும் என்பதைப் பேருந்தின் இன்ஜின் சத்தமே சொல்லிக்கொடுக்கும்.

வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். காலையில் இட்லி போல எளிய உணவாகக் கொடுங்கள். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். பை, தண்ணீர், எலுமிச்சை கையில் இருக்கட்டும். ஆடியில் மேலே சாரலும் குளிரும் இருக்கும். ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லாதவர்களுக்கு யாரும் அறியாமல் ஏற்பாடு செய்யுங்கள். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே நிறுத்தினால் கிடைக்கும் என்று முன்பே ஓர் ஆசிரியர் போய்ப் பார்த்து வருவது நல்லது. பெற்றோரின் ஒப்புதல் கடிதம், தலைமையாசிரியர் வழியாகப் பெற வேண்டிய அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து உடன் வரும் இருவர், முதலுதவிப் பெட்டி ஆகியவை இல்லாமல் புறப்பட வேண்டாம்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். ஆடி 18 அன்று கூட்டமும் ஈரமும் சேர்ந்திருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள். அந்த நாளில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அருவி பார்க்க வேண்டுமானால் கூட்டமில்லாத வேறொரு நாளில் போகலாம்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால், அல்லது தனியாக ஒரு நாளில், நம் அரும்பாவூரில் நின்று மரச்சிற்பக் கூடங்களைக் காட்டுங்கள். 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கலை அது. பக்கத்து ஊரில் இருக்கிறது.

விருந்தாளி எப்படி நடந்துகொள்வது

முதலாவது, போவதற்கு ஒரு மாதம் முன்பே மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள். ஆசிரியர் ஆசிரியருக்கு எழுதுவது ஒன்று. பிள்ளைகள் பிள்ளைகளுக்கு எழுதுவது இன்னொன்று. எங்கள் ஊரில் இது விளையும், உங்கள் ஊரில் என்ன விளையும்? எங்கள் ஊரில் இந்த விளையாட்டு, உங்கள் ஊரில் என்ன? தபாலில் போகட்டும், தபாலில் வரட்டும். போன இடத்தில் அந்தப் பிள்ளைகளோடு ஒரு கபடி ஆட்டம் ஆடினால் அதுவே பெரிய விழா.

இரண்டாவது, கைப்பேசி. மலை மக்களின் வீட்டையும் உடையையும் முகத்தையும் கேட்காமல் படம் எடுப்பதைப் பெரியவர்களே செய்கிறோம். பிள்ளைகளுக்கு முன்பாக நாம் ஒருமுறை, “ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே கைப்பேசியைப் பைக்குள் வைத்தால் போதும். தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

மூன்றாவது, குப்பை. கொண்டுபோன பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் எண்ணித் திரும்ப வர வேண்டும். எண்ணும் பொறுப்பைக் குறும்பு அதிகம் செய்யும் மாணவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

நான்காவது, அவர்களை நம் ஊருக்கு அழைப்பது. விருந்துக்குப் போனால் திரும்ப அழைக்க வேண்டும் அல்லவா? மலைப் பிள்ளைகள் வந்தால் நாம் எதைக் காட்டுவோம் என்று நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அரைவைக் காலத்தில் நம் எறையூர் சர்க்கரை ஆலையின் முன் நிற்கும் கரும்பு வண்டிகள், ரஞ்சன்குடி கோட்டை, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடைய சாத்தனூர்க் கல்மரம் என்று பட்டியல் வளரும். காட்டுவதற்கு நம்மிடமும் இவ்வளவு இருக்கிறதா என்று அவர்களே வியப்பார்கள்.

பக்கத்து இருக்கை

கடைசியாக ஒன்று. பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கியோ உறவினர் வீட்டில் இருந்தோ சமவெளிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களின் பேச்சில் சில சொற்கள் வேறாக இருக்கும். ‘மலைக்காரன்’ என்று ஒரு பட்டப்பெயர் விழும். சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். பிறகு வருகை குறையும். பிறகு ஒரு நாள் பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கும். இடைநிற்றலுக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் இந்தச் சிரிப்பை யாரும் எழுதுவதில்லை.

ஓரியைப் பற்றி எட்டு மதிப்பெண்ணுக்கு விடை எழுதிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவனை மலைக்காரன் என்று கேலி செய்தால் நாம் நடத்திய பாடம் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள். களப்பயணம் மீதிப் பாதியை நடத்தித்தரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, “இவன்தான் மலையிலிருந்து வந்தவன், எல்லாரும் கேளுங்கள்” என்று காட்சிப்பொருளாக்கிவிடக் கூடாது. பயணக் குழுவில் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வழியில் தெரியும் மரத்தின் பெயரை அவனாகச் சொன்னால், “எனக்குத் தெரியாதே, இன்னொரு முறை சொல்” என்று கேட்டு நம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர் எழுதிக்கொள்வதை வகுப்பே பார்க்கும்.

இந்த ஆண்டே கொல்லிமலை போக இயலாத பள்ளிகள் இருக்கலாம். பேருந்துக்குப் பணம் வேண்டும், அனுமதி வேண்டும், ஆடி 18 நமக்குப் பள்ளி நாளாகவும் இருக்கலாம். அவர்கள் லாடபுரம் மயிலூற்று அருவி வரைக்கும், பச்சைமலை அடிவாரம் வரைக்கும் போய் வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் மலைப் பள்ளி ஒன்றுக்கு எழுதும் அந்த முதல் கடிதத்தையாவது இந்த வாரத்தில் எழுதத் தொடங்குங்கள். ஓர் அஞ்சல் அட்டைக்கு அனுமதி தேவையில்லை.